இலங்கையின் வடக்குக்கு வர நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: யாழ்ப்பாணம், வன்னி, மன்னார்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறைகளை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து, மிச்சப்பேர் கனடா, இலண்டன், இடைக்கிடை கொழும்பு. அறை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே எல்லாரும் வேறு பத்துக் கேள்வி கேட்பார்கள். இரவு பதினொரு மணிக்கும் நான் வட்ஸ்அப்பில் அதே பதில்களைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மனைவி, "இதையெல்லாம் ஒரு இடத்தில எழுதி வையுங்கோவன், நித்திரையாவது கொள்ளலாம்" என்றாள். எழுதிவிட்டேன்.

சண்டை முடிந்துவிட்டதா? இப்போது வரலாமா?

வரலாம். 1983இல் தொடங்கிய போர் 2009 மே மாதம் முல்லைத்தீவுக் கரையில் முடிந்தது. இப்போது இரவு ஒன்பது மணிக்கும் நல்லூர்ப் பக்கம் குடும்பம் குடும்பமாக ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருப்பார்கள் (ஆம், இங்கே ஐஸ்கிறீமைக் குடிப்போம்). பயப்படுவதென்றால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதிக்குப் பயப்படுங்கள். இருட்டினதும் தார் சூடாக இருக்கிறதென்று மாடுகள் நடுவீதியில் வந்து படுத்துவிடும்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டும் வராதீர்கள். கொழும்பு பஸ் நாவற்குழிப் பாலம் தாண்டி நகரத்துக்குள் நுழையும் இடம் செம்மணி. வரவேற்பு வளைவு அங்கேதான் நிற்கிறது. அதற்குக் கிட்ட, சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. அதில் சின்னப்பிள்ளைகளும் உண்டு. நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் கிடைத்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் அந்த இடத்தில்தான் தூக்கம் கலைந்து பையைத் தேடுவார்கள்.

வடக்குக்கு வரத் தனி அனுமதி வேண்டுமா?

வேண்டாம். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. 2011 நடுப்பகுதிவரை வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. 2014 ஒக்ரோபரில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2015 ஜனவரியில் நீக்கினார்கள். இப்போது இலங்கைக்குள் வருவதற்கான வீசா போதும். அதையும் அரசாங்க இணையத்தளத்திலேயே எடுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய உண்டு.

எப்படி வருவது?

சென்னையிலிருந்து பலாலிக்கு நேரே விமானம் இருக்கிறது. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவில் நின்றுபோய் 2022 டிசம்பரில் சேவை திரும்ப வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து இறங்கிவிடுவீர்கள். எனக்கு இன்னும் இது புதினம்தான். என் சின்ன வயதில் சென்னைக்குப் போவதென்றால் கொழும்புக்குப் போவதே பாதிச் சீவனைக் குடித்துவிடும்.

நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. 2023 ஒக்ரோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கிட்டத்தட்ட நாலு மணி நேரப் பயணம். கடல் கொந்தளித்தால் ஓடாது. ஆகவே கப்பலில் வந்து, திரும்புகிற அன்றே ஊரில் கலியாணம் வைத்திருக்கிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். ஒரு தம்பி அப்படித்தான் மூன்று நாள் எங்கள் வீட்டில் மாட்டுப்பட்டுப் போனான். நாங்கள் அவனுக்குக் கரம் (கேரம்போர்ட்) விளையாடப் பழக்கினோம்.

கொழும்பிலிருந்து ரயில் இருக்கிறது. 1990இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் திரும்ப வந்தபோது, ரயிலையே பார்த்திராத இருபத்துநாலு வயதுப் பிள்ளைகள் மேடையில் நின்று கைகாட்டினார்கள். எந்த ரயில் எந்த நாளில் ஓடுகிறது என்பதைப் புறப்படுவதற்கு முந்தின கிழமை விசாரியுங்கள், பாதை திருத்தமென்று இடைக்கிடை நிறுத்துவார்கள். கொழும்பில் வெள்ளவத்தையில் இரவு ஏறினால் விடியக் கொண்டுவந்து இறக்கும் சொகுசு பஸ்கள் எப்போதும் உண்டு. ஏசியைக் குறைக்கமாட்டார்கள், ஒரு போர்வை கொண்டு வாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஒக்ரோபர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை மாரி. வன்னியில் (குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள பெருநிலம்) குளங்கள் வான்பாயும், வீதிகள் மூடும், தீவுப் படகுகள் நிற்கும். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் எல்லாவற்றுக்கும் நல்லது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவை ஒருமுறையாவது பாருங்கள். ஏப்ரல் தொடங்க வெயில் எரிக்கும், ஆனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வருவதும் அதற்குப் பிறகுதான், அது உங்கள் தீர்மானம். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா, இருபத்தைந்து நாள். அந்த நேரம் அறை கிடைப்பது கஷ்டம். இரண்டு மாதம் முன்பே சொல்லிவையுங்கள்.

மிதிவெடி இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் நீங்கள் போகிற இடத்தில் இல்லை. வீதிகள், கோயில்கள், ஊர்மனைகள், கடற்கரைகள் எல்லாம் எப்போதோ துப்புரவாக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியிருப்பது பழைய முன்னரங்கு நிலைகள் இருந்த காடுகளிலும் பனங்கூடல்களிலும். அங்கே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வேண்டும் என்பது கெடு.

ஏ9இல் ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் வரும்போது பளைக்குப் பிறகு முகமாலை வரும். கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் இராணுவமும் புலிகளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்த கோடு அது. உலகத்திலேயே மிக நெருக்கமாக வெடி புதைத்த இடங்களில் ஒன்று என்று அகற்றுகிறவர்கள் சொல்வார்கள். ஹலோ ட்ரஸ்ட் மாதிரி நிறுவனங்கள் வருஷக்கணக்காக வேலை செய்கின்றன. குனிந்திருப்பவர்களில் பெரும்பங்கு வன்னிப் பெண்கள். முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், கையில் நீளப்பிடி வாரி. ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒழுங்கை பிடித்து, மண்ணை மெல்ல மெல்லத் தங்கள் பக்கம் வாரி இழுப்பார்கள். ஒரு நாளில் முன்னேறுவது சில அடிதான். அதில் வேலை செய்த ஒரு அக்காவிடம் பயமில்லையா என்று கேட்டேன். "தம்பி, வெடியைவிட வெயில்தான் கொல்லுது" என்றார். சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டார்.

அந்த இடத்தில் வாகனத்தை மெதுவாக விடச் சொல்லுங்கள். தலையில்லாத பனைகள் இன்னும் சில நிற்கும், ஷெல் பட்டு வட்டுப் போனவை. அவற்றுக்குக் கீழே இடுப்பளவு வடலிகள் (இளம் பனைகள்) முளைத்து வருகின்றன. பற்றைக்குள் இறங்கிப் படமெடுக்க வேண்டாம். காட்டுக்குள் உலோகத் துண்டு எது கண்டாலும் தொடாதீர்கள், காலாலும் தட்டாதீர்கள்.

போர் நடந்த இடங்களைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அங்கே என்ன இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம்.

பெரிதாக நிற்பவை இராணுவத்தின் வெற்றிச் சின்னங்கள். ஆனையிறவில் ஒன்று, புதுக்குடியிருப்பில் ஒன்று. போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தார்கள். புலிகளின் தலைவர் பிரபாகரன் இருந்ததாகச் சொன்ன நிலக்கீழ் வீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். 2013இல் அதை இராணுவமே வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. இறந்த புலிப் போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. கோப்பாயில் இருந்ததன் மேலேயே முகாம் கட்டினார்கள். ஆகவே ஒரு பக்கத்துக்குக் கல்லும் சீமெந்தும் இருக்கின்றன, சனத்தின் பக்கத்துக்குப் பெரும்பாலும் வெறும் நிலம்தான். அந்த வெறும் நிலத்தைப் பார்க்கப் பழகவேண்டும்.

நான் கூட்டிப்போகும் வழி இது. பரந்தனில் ஏ9ஐ விட்டுக் கிழக்கே முல்லைத்தீவு வீதியில் திரும்புவோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று வரிசையாக ஊர்கள் வரும். 2009 ஜனவரி தொடங்கிச் சனம் நகர்ந்ததும் இதே வரிசையில்தான். ஒரு ஊரில் பதுங்குகுழி வெட்டி இரண்டு கிழமை, பிறகு ஷெல், பிறகு அடுத்த ஊர். அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களுக்குள்ளும் ஷெல் விழுந்தது, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலும் விழுந்தது. புலிகள் சனத்தை வெளியேற விடவுமில்லை, கடைசி மாதங்களில் பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள். அதை மறைத்துச் சொல்லும் வழிகாட்டியும் உண்டு, நான் மறைப்பதில்லை. அந்த மாதங்களில் இறந்த பொதுமக்கள் நாற்பதாயிரம்வரை இருக்கலாம் என்று ஐநா செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதியது.

இன்று அந்த வீதி கார்பெற் வீதி. ஐம்பது கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் ஓடிவிடலாம். சனத்துக்கு நாலு மாதம் எடுத்தது. அதனால்தான் நான் ஒவ்வொரு சந்தியிலும் நிற்பாட்டுவேன். சிலருக்கு அலுப்பாக இருக்கும், குறை சொல்லமாட்டேன்.

முடிவில் முள்ளிவாய்க்கால். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் என்ற கடலேரி, நடுவில் ஒடுங்கின மணல் திட்டு. தெற்கே வட்டுவாகல் பாலம், ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம். மே மாத நடுவில் மிஞ்சியிருந்த சனம் கையில் கிடைத்ததோடு அதைக் கடந்துதான் இராணுவத்திடம் போனது. அங்கிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். 2012 செப்ரெம்பரில்தான் அது மூடப்பட்டது. இப்போது பாலத்தடியில் வீச்சுவலை போடுவார்கள். நல்ல றால் படும். வாங்கலாமா என்று ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக வாங்குங்கள், அந்த மனிசனுக்கு அதுதான் தொழில்.

மே 18 அன்று வந்தால் நினைவேந்தல் நடக்கும். அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சியைச் சிரட்டையில் தருவார்கள். கடைசி நாட்களில் இருந்த ஒரே சாப்பாடு அது. வாங்கிக் குடித்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். காமெராவை அழுகிற முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

பக்கத்திலேயே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரிப்பார்கள். முல்லைத்தீவைச் சண்டையால் மட்டும் அறிந்துகொண்டு திரும்பவேண்டாம் என்பதற்காகவே பயணத்தை அங்கே கொண்டுபோய் முடிப்பேன்.

ஊர்ச் சனத்திடம் போரைப் பற்றிக் கேட்கலாமா?

முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். இது என் கெஞ்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை தமிழ்நாட்டிலிருந்து வந்த நல்ல பிள்ளைகள் நாலு பேர், படித்தவர்கள். விசுவமடுவில் தேத்தண்ணிக் கடை அம்மாவிடம், தேத்தண்ணி கைக்கு வருவதற்கு முன்பே, "உங்க வீட்டுல எத்தனை பேர் இறந்தாங்கம்மா?" என்று கேட்டுவிட்டார்கள். அவர் சீனி போட்டுக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு, "உங்களுக்குச் சீனி எத்தினை கரண்டி, பிள்ளையள்?" என்றார். அவ்வளவுதான் பதில்.

அடுத்தமுறை வேறு இரண்டு பேரோடு அதே கடைக்குப் போனேன். அவர்கள் வடை நன்றாக இருக்கிறதென்று சொல்லி, மழை பெய்ததா, வெங்காயம் என்ன விலை என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் கழித்து அந்த அம்மாவே உள்ளே போய், பொலித்தீன் சுற்றிய ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். மகன், பள்ளிக்கூடச் சட்டையில். 2009 மே 17 அன்று வட்டுவாகலில் அந்த அம்மா தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை. திரும்பி வரவில்லை. அவர் மாதிரித் தாய்மார்தான் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் மற்ற ஊர்களிலும் வீதியோரம் படங்களோடு இருக்கிறார்கள். எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே செத்தும் போனார்கள்.

இன்னொன்று. இங்கே எல்லாருடைய கதையும் ஒன்றல்ல. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சோனகத் தெருப் பக்கம் போனால் திரும்பி வந்த குடும்பங்களும் பூட்டிக்கிடக்கும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே ஒரு கடையில் புரியாணி சாப்பிட்டுக்கொண்டு, தலைவரைப் பற்றி உற்சாகமாகச் சத்தம்போட்டுக் கதைக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. புலிச் சின்னம் போட்ட ரீசேட், கொடி, போனில் போடும் பதிவுகள் எல்லாம் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள் வரக்கூடும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், உங்களைக் கூட்டிவந்த ஓட்டோக்காரனைத்தான் விசாரிப்பார்கள்.

தமிழ்தானே, பேசுவதில் பிரச்சினை இருக்காதே?

இருக்கும், சிரிக்கிற மாதிரி. இங்கே 'பேசினார்' என்றால் திட்டினார். நாங்கள் 'கதைப்போம்'. ஆம் என்பதற்கு ஓம். புறப்படுவது வெளிக்கிடுவது, பிறகு என்பது பேந்து, நாற்காலி கதிரை, தட்டுத்தான் கோப்பை. "அவர் நேற்று என்னோட ரொம்ப நேரம் பேசினார்" என்று ஒரு அண்ணா சொல்ல, என் அம்மா, "ஐயோ, ஏன் ராசா, நீர் என்ன பிழை செய்தனீர்?" என்று பதறிவிட்டார். வயதானவர்களை ஐயா, அம்மா என்றும் மற்றவர்களை அண்ணை, அக்கா என்றும் கூப்பிட்டால் எல்லாக் கதவும் திறக்கும்.

தமிழ்நாட்டுக்காரர் பருத்தித்துறை, மயிலிட்டி, பேசாலைப் பக்கம் போனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். "ஏன் தம்பி, உங்கட ஆக்கள் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகினம்?" என்று கேட்பார்கள். இழுவைமடிப் படகுகளைத்தான் சொல்கிறார்கள். இலங்கை அந்த முறையை 2017இல் தடைசெய்தது. கடலில் போர்க்காலம் முழுக்கத் தொழில் செய்ய விடப்படாத ஆட்கள் இவர்கள். மயிலிட்டித் துறைமுகமே இருபத்தேழு வருஷம் இராணுவத்திடம் இருந்து 2017 ஜூலையில்தான் கைக்கு வந்தது. வாதம் செய்யாமல் கேளுங்கள். கேட்டு முடிந்ததும் அவர்களே தேத்தண்ணி வாங்கித் தருவார்கள்.

தீவுகளில் எதற்குப் போகலாம்?

ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் நெடுந்தீவு. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவால் போகும் வீதியின் முடிவில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம். காலைப் படகைத் தவறவிடாதீர்கள், கடைசிப் படகு எப்போது திரும்புகிறது என்று ஏறும்போதே கேளுங்கள். தவறவிட்டால் தீவிலேயே இரவு. (அதுவும் மோசமில்லை. நட்சத்திரம் அவ்வளவு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.)

தீவில் மதில்களெல்லாம் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்). சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருப்பார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாகக் கடல் உயிர்களின் அச்சு. ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் பரம்பரை வெட்டையில் மேயும். உள்ளே ஆள் நிற்கக்கூடிய பெருக்கமரம் ஒன்று, ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு. சைக்கிள் கிடைத்தால் போதும்.

நீங்கள் கடக்கும் அதே கடலில் 1985 மே 15ஆம் திகதி குமுதினி என்ற படகை மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அதற்குப் பிறகும் அதே குமுதினி பல வருஷம் அதே பாதையில் ஓடியது. தீவுச் சனத்துக்கு வேறு படகு இல்லை.

நயினாதீவுக்கு அதே துறையிலிருந்து இருபது நிமிடம். நாகபூசணி அம்மனும் நாகவிகாரையும் பக்கம் பக்கமாக. பூரணை நாளில் கூட்டம் நெரியும்.

கடலில் குளிக்கலாமா?

காரைநகர் கசூரினா, வேலணைச் சாட்டி இரண்டும் பிள்ளைகளுக்குப் பயமில்லாதவை. கசூரினாவில் நூறு மீற்றர் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். முல்லைத்தீவுக் கடல் அப்படியல்ல, இழுக்கும். கரையில் நின்று பார்க்கிற கடல் அது. 2004 சுனாமியும் அங்கே மோசமாக அடித்தது.

மன்னாரையும் சேர்க்கவேண்டுமா?

பறவை பார்க்கிறவர் என்றால் கட்டாயம். தை, மாசியில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் வந்து நிற்கும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி ஊடாக இரண்டரை மணி நேரத்தில் போகலாம். நகர வீதியில் கழுதைகள் உங்களுக்கு வழிவிடாது. தலைமன்னாரில் ரயில் போய் நிற்கும் இடத்துக்கு அப்பால் பழைய இறங்குதுறை துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒரு காலத்தில் இராமேசுவரத்துக்கு அங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். மடு மாதா கோயில் ஆவணித் திருநாளுக்கு மதபேதமில்லாமல் சனம் போகும்.

என்ன சாப்பிடுவது?

இடியப்பமும் சொதியும், புட்டும் மீன்குழம்பும் எங்கும் கிடைக்கும். காரம் தமிழ்நாட்டுக்காரரையே கண்கலங்கவைக்கும், எங்கள் மிளகாய்த்தூள் வறுத்து அரைப்பது. பருத்தித்துறைத் தட்டைவடை வாங்கிப் பையில் போடுங்கள்.

ஆனால் ஒடியல் கூழ் குடிக்காமல் போகாதீர்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில், நண்டு, றால், மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு ஒரே பானையில் கொதிக்கவிடுவது. ஓட்டல் கூழ் சரியில்லை, வீட்டில் யாராவது காய்ச்சவேண்டும். முற்றத்தில் வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கவேண்டும். நண்டுக்காலைக் கடிக்கும்போது வெட்கப்பட்டால் நட்டம் உங்களுக்கு.

எங்கே தங்குவது?

நானும் அறை விடுகிறவன், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

நகரத்தில் பெரிய ஹோட்டலிலிருந்து வீட்டு அறைவரை எல்லாம் உண்டு. வெளியே போனால் சில நல்ல கரைகளில் இராணுவமும் கடற்படையும் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. காங்கேசன்துறையில் ஒன்று, ஊர்க்காவற்றுறைக் கடல் நடுவிலுள்ள பழைய கோட்டைக்குள் ஒன்று, நந்திக்கடலோரம் ஒன்று. துப்புரவாக இருக்கும், விலையும் நியாயம். போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், யாருடையது என்று தெரிந்துகொண்டு போங்கள். வலிகாமம் வடக்குச் சனம் 1990இல் வெளியேற்றப்பட்டு இருபது முப்பது வருஷம் முகாம்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இருந்தது. திரும்பி வந்தவர்களில் சிலர் இப்போது தங்கள் வளவில் ஒன்றிரண்டு அறை கட்டி விடுகிறார்கள். ஏசி இராது, நுளம்புவலை இருக்கும், காலையில் அப்பம் சுட்டுத் தருவார்கள்.

படம் எடுக்கலாமா? ட்ரோன்?

முகாம், சோதனைச்சாவடி, கடற்படைப் படகு எடுக்காதீர்கள். ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். யாழ் நூலகத்தை வெளியிலிருந்து எவ்வளவும் எடுங்கள். 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது உள்ளே 97,000 நூல்களும் ஏடுகளும் இருந்தன. கட்டிடத்தைப் பழையபடியே வெள்ளையாகக் கட்டியெழுப்பிவிட்டார்கள், ஏடுகளைத் திரும்ப எழுத ஆளில்லை. உள்ளே பிள்ளைகள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். செல்பிக்காக அவர்களை எழுப்பாதீர்கள்.

பெண்கள் தனியாக வரலாமா? கோயில் உடுப்பு? அவசரத்துக்கு?

தனியாக வருகிற பெண்கள் நிறைய. எங்கள் வீட்டில் தங்குகிறவர்கள் இருட்டினதும் தெரிந்த ஓட்டோவில் வரட்டும் என்று மனைவி சொல்வாள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும், பெண்கள் சேலையோ சல்வாரோ. அம்புலன்ஸுக்கு 1990, காசு இல்லை. பொலிஸ் 119.

எங்கள் பழைய வீட்டைத் தேடிப் பார்க்கவேண்டும். உதவுவீர்களா?

கனடாவிலிருந்து வருகிறவர்கள் கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. உதவுவேன். வரும்போது காணி உறுதியின் பிரதி, இருந்தால் வரைபடம், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டாரின் பெயர்கள், கோயில், பள்ளிக்கூடம் என்று நினைவிலிருக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். முதலில் விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) போவோம். காணி விடுபட்டிருக்கிறதா, இன்னும் முகாமுக்குள் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியும். உள்ளே இருந்தால் வேலிவரைதான் போகலாம்.

விடுபட்டிருந்தாலும் வீட்டைத் தேடாதீர்கள், கிணற்றைத் தேடுங்கள். கூரை, நிலை, யன்னல் எல்லாம் போயிருக்கும், அத்திவாரத்துக்கு மேல் இப்பிலிப்பில் மரம் காடாக நிற்கும். கிணற்றை ஒருவரும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. மயிலிட்டிப் பக்கம் அறுபது தாண்டிய ஒருவரோடு இரண்டு மணி நேரம் பற்றைக்குள் அலைந்தேன். இதுதான், இல்லை அதுதான் என்று மூன்று வளவு மாறினோம். கடைசியில் ஒரு கிணற்றுக்கட்டில் பாசியைக் கையால் தேய்த்தார். 1974 என்று இருந்தது, சீமெந்து ஈரமாக இருக்கும்போது தகப்பன் கம்பியால் கீறினது. அவர் அழவில்லை. தண்ணி அள்ளவேண்டும் என்றார். எங்களிடம் வாளி இல்லை. அரைமைல் நடந்துபோய் ஒரு வீட்டில் இரவல் வாங்கிவந்தேன், கயிறு எட்டவில்லை, என் சாரத்தை முடிந்து நீட்டினோம். குடிக்கவேண்டாம் என்று மறித்துவிட்டேன். முகம் கழுவினார், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாளியும் எட்டுப் பாகக் கயிறும் வானின் பின்சீற்றுக்குக் கீழே எப்போதும் கிடக்கின்றன. நீங்கள் கொண்டுவர வேண்டாம்.